லென்ஸுக்குப் பொருந்திய பெட்டி

“பொட்டி வாங்கிட்டியாடா?”

பேச்சி கண்ணைத் திறந்ததும் கேட்டது அதைத்தான். கஞ்சி வேண்டும் என்று கேட்கவில்லை, மூச்சு முட்டுகிறது என்று சொல்லவில்லை. காமிராப் பெட்டி வாங்கியாயிற்றா என்று கேட்டாள். பொன்னுத்துரை கம்பளியை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டு, காது கேளாதவனைப்போல் அடுப்புப் பக்கம் போய்விட்டான். பெற்றவள் தன் சாவுப் படத்துக்குக் காமிரா வாங்கி வா என்று விரட்டினால் ஒரு மகன் வேறென்ன செய்வான்?

நடுவட்டத்துக்கு மேலே பஸ் ரோட்டிலிருந்து பிரிந்து ஏறும் இரட்டைப்பாறை எஸ்டேட்டில், பழைய லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்கள் முக்கால்வாசியும் சிலோனிலிருந்து வந்தவை. எழுபதுகளில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அக்கரையில் பறித்த அதே தேயிலைக் கொழுந்தை இக்கரையிலும் பறிக்க வந்து சேர்ந்தவர்கள். கப்பலேறாமல் அங்கேயே நின்றுவிட்ட அண்ணனோ அக்காளோ வீட்டுக்கு ஒருவர் உண்டு. சாவுக்குப் போய்வரும் தூரமா அது? அதனால் இந்த லயத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. யாராவது கண்ணை மூடினால் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிலும் சொந்தபந்தம் நின்று ஒரு படம் எடுப்பார்கள். படம் தபாலில் அக்கரைக்குப் போகும். அங்கிருப்பவர்கள் அதை மணைமேல் வைத்து, மாலை போட்டு, அதன்முன் உட்கார்ந்து அழுது கருமாதி செய்வார்கள். படம் போய்ச் சேரும்வரை அங்கே காரியம் கிடையாது.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. சாவுக்கு மட்டுமே படம் போய்ப் பழகிவிட்டதால் உயிரோடிருப்பவர்களின் படத்தை யாரும் அனுப்ப முடியாது. அட்டை வைத்த உறையைத் தபால்காரர் நீட்டினாலே அங்கே ஒப்பாரி கிளம்பிவிடும். ஒருத்தி தன் மகளின் சடங்குப் படத்தை ஆசை ஆசையாய் அனுப்பிவைக்க, உறையைப் பிரிப்பதற்குள் அங்கே அவள் அக்கா மயங்கி விழுந்து நெற்றியில் தையல் போடும்படி ஆயிற்று. அதோடு அந்த ஆசையும் ஒழிந்தது. ஆக, பொன்னுத்துரையின் மனைவி சுப்பம்மாவையோ மகள் இந்துமதியையோ அவன் அண்ணன் அய்யாவு இதுவரை படத்தில்கூடப் பார்த்ததில்லை.

அய்யாவு பார்க்காததற்கு அது மட்டும் காரணமில்லை. அவன் தம்பியோடு பேசுவதையே விட்டிருந்தான்.

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து உழைத்து, காசு சேர்த்து, ஒரு ஜப்பான் காமிரா வாங்கினார்கள். தோட்டத்தில் கல்யாணம், காதுகுத்து என்று இருவரும் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்த காலம் ஒன்று உண்டு. பிறகு பாஸ்போர்ட் வந்தது. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போயிருந்த அய்யாவுக்குச் சிலோன் குடியுரிமை; பொன்னுத்துரைக்கு இந்தியா. அம்மாவின் பெயர் பொன்னுத்துரையின் குடியுரிமை மனுவில் இருந்தது. யார் எழுதியது, யார் எழுதச் சொன்னது என்று இருவரும் முட்டிக்கொண்டார்கள். “அம்மாவ நீ எடுத்துக்கிட்ட. பொட்டி எனக்கு” என்று அய்யாவு காமிராவைப் பிடுங்கிக்கொண்டான். பொன்னுத்துரைக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காமிராவில் இருந்த லென்ஸைத் திருகிக் கழற்றினான்; பெட்டிக்குள் இருந்த இன்னொரு நீள லென்ஸையும் எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டான். இப்படியாகப் பெட்டி அங்கேயும் லென்ஸ் இங்கேயுமாக, இரண்டு முட்டாள்களும் ஆளுக்குப் பாதியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

இங்கே வந்து பாக்டரியில் டிரையர் வேலை கிடைத்தது பொன்னுத்துரைக்கு அதிர்ஷ்டம். நீலகிரி ஈரத்தில் எந்த லென்ஸிலும் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். அவன் இரண்டு லென்ஸையும் பால்மாவு டின்னில் போட்டு டிரையர் அறைப் பரண்மேல் வைத்தான். தேயிலை காய்ந்த சூட்டில் அவையும் ஈரம் படாமல் வருஷக்கணக்காக இருந்தன. வேறு பெட்டி வாங்கிப் பொருத்தலாமே என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். அவன் வாங்கவில்லை. வாங்கினால் அண்ணன் இனிமேல் இல்லை என்று தானே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும் என்று நினைத்தான். வெளியில் மட்டும், “எதுக்கு வெட்டிச் செலவு?” என்பான்.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. விழுந்ததென்றால் எழுந்திருக்கவே இல்லை. கொழுந்தைப் பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டவில்லை என்று எஸ்டேட்காரர்கள் கையை விரித்தார்கள். பாக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது, பிறகு எப்போதாவது ஓடியது. இளசுகள் திருப்பூருக்கு பஸ் ஏறின, இந்துமதியும் போனாள். கூடலூரிலிருந்து சாவுப் படத்துக்கு வந்துகொண்டிருந்த ஸ்டுடியோக்காரர் கடையைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குப் போய்விட்டார். டிரையர் குளிர்ந்து கிடந்த ஒரு நாளில் பொன்னுத்துரை டின்னைத் திறந்து பார்த்தான். நீள லென்ஸின் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு நூல் ஓடியிருந்தது. துணியால் ஒத்தி எடுத்தான். அந்த மாதமே அம்மா படுக்கையில் விழுந்தாள்.

நடுவட்டம் பூத்திலிருந்து அட்டனுக்குப் போன் போட்டு அண்ணன் மகளிடம் சொன்னான். “அப்பா பேசமாட்டாராம் சித்தப்பா,” என்றாள் அந்தப் பெண். “படம் மட்டும் ஒழுங்கா அனுப்பச் சொன்னாரு.” அவன் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு, வருகிறவர்கள் யாரிடமாவது அந்தப் பழைய பெட்டியைக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டான். அவளுக்கு எந்தப் பெட்டி என்றே முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மெதுவாகச் சொன்னாள்: “அது எண்பத்தி மூணு கலவரத்துல வீடு எரிஞ்சப்பவே போயிருச்சாமே சித்தப்பா.”

சாம்பலாகிப்போன பெட்டிக்காகத்தான் இத்தனை வருஷம் லென்ஸைக் காத்துவந்திருக்கிறான். பூத்திலிருந்து வெளியே வந்தவன் பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே லயத்துக்குப் போனான். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை.

“ஊட்டிக்குப் போயி வேற பொட்டி வாங்கு. வாடகைக்கு ஆளைக் கூட்டியாந்து எடுத்தியோ, நான் நாற்காலியில உக்கார மாட்டேன். ரெண்டு பேரும் சேந்து வாங்குன கண்ணாடி. அதுல அவம் பங்கும் இருக்கு. அதுலதான் எடுக்கணும்.”

“செத்தப்புறம் உக்காரமாட்டேன்னு அடம் புடிப்பியாக்கும்?” என்று சுப்பம்மா கேட்டாள். மாமியாரும் மருமகளும் சிரித்தார்கள். பொன்னுத்துரையால் சிரிக்க முடியவில்லை. அம்மாவைப் பறித்துக்கொண்டு வந்தவன் என்ற பெயர் அவனுக்கு இருந்தது. அவளுடைய கடைசி முகத்தையாவது அண்ணனிடம் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதையும் கெடுத்துவிட்டால் அய்யாவு இந்த ஜென்மத்தில் அவனை மன்னிக்கப் போவதில்லை.

ஊட்டி மெயின் பஜாரில் நபீசாவின் கடை சந்துக்குள் இருந்தது. அவர் கணவர் நூர் அகமது ஸ்டுடியோ நடத்திய இடம். அவர் போன பிறகு நபீசா பழைய காமிரா, ரேடியோ, கடிகாரம் என்று வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். அலமாரி நிரம்பி வழிந்தது.

“தேயிலை படுத்ததுலிருந்து எல்லாம் இங்கதானுங்க வருது,” என்றார். “கல்யாணத்துக்கு வந்த காமிராவைக்கூடக் கொண்டாந்து வெச்சுட்டுப் போறாங்க. வாங்கறதுக்குத்தான் ஆளில்லை. நீங்க அதிசயமா வாங்க வந்திருக்கீங்க.”

பொன்னுத்துரை டின்னைத் திறந்து லென்ஸ்களை மேசைமேல் வைத்தான். நபீசா சின்ன லென்ஸை வெளிச்சத்துக்குக் காட்டி உள்ளே பார்த்தார். பின்பக்கத்துத் திருகு மரையை விரலால் தடவினார்.

“திருகிப் போடற வகை. இப்ப வர்றதெல்லாம் சொருகித் திருப்பறதுங்க.” பளபளவென்றிருந்த ஒரு பெட்டியை எடுத்து அதன் வாயைக் காட்டினார். மரையே இல்லை. “இது பாக்க அழகா இருக்கும். உங்க லென்ஸுக்கு ஆகாது.”

மரை உள்ள பெட்டிகள் இரண்டே இருந்தன. ஒன்று ரஷ்யாவில் செய்தது. கையில் எடுத்தால் அம்மிக்குழவி கனம். ஷட்டர் கணீரென்று அடித்தது. பொன்னுத்துரை சின்ன லென்ஸை அதில் திருகினான்; வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கண்ணில் வைத்துப் பார்த்தான். சந்துக்கு அந்தப் பக்கத்து வாழைக்காய் மண்டி, தொங்கும் சாக்கு, தராசு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. அந்தக் கண்ணாடி வழியாக அவன் உலகத்தைப் பார்த்து எத்தனை வருஷம்! உச்சி குளிர்ந்துவிட்டது. இதையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

“இருங்க, அவசரப்படாதீங்க,” என்று நபீசா பெட்டியின் முதுகைத் திறந்தார். “இப்ப பின்னாலிருந்து பாத்துட்டே அமுத்துங்க.”

வெளிச்சம் புகும் கண் சின்னதாகிற நம்பருக்கு லென்ஸின் வளையத்தைத் திருப்பிவிட்டு அமுக்கினான். ஷட்டர் அடித்தது. லென்ஸுக்குள் அந்தக் கண்ணைச் சுருக்கும் தகட்டு இலைகள் மூடவில்லை. கண் அகலமாகத் திறந்தபடியே இருந்தது. அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த லென்ஸின் பின்னால் ஓர் ஊசி உண்டு. படம் எடுக்கும் நொடியில் பெட்டி அந்த ஊசியைத் தள்ள வேண்டும். தள்ளினால்தான் இலைகள் மூடும். ரஷ்யப் பெட்டியில் தள்ளுகிற தகடு இல்லை. கண் திறந்தே கிடந்தால் ஒரு வரிசைதான் தெளிவாக விழும்; அதற்குப் பின்னால் நிற்பவர்கள் பஞ்சாய்ப் போவார்கள். நீள லென்ஸ் கையாலேயே கண்ணை மூடித் திறக்கிற பழைய வகை, எந்தப் பெட்டியிலும் வேலை செய்யும். ஆனால் லயத்து முற்றத்தில் அதை வைத்து எடுத்தால் நாலு பேருக்கு மேல் அடங்கமாட்டார்கள்.

இரண்டாவது பெட்டி ஜப்பானில் செய்தது. அதில் தகடு இருந்தது. இலைகள் சொன்னபடி மூடின. ஆனால் வேகமாக அடிக்கும்போது திரை பாதியில் சிக்கியது, படம் பாதி கறுப்பாய்ப் போகும். மிக மெதுவாக வைத்தால் மட்டும் ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடியது.

“ரெண்டுலயும் ஒவ்வொரு குறை,” என்றார் நபீசா. “ஏனுங்க, யாரை எடுக்கப் போறீங்க?”

“எங்க அம்மாவைங்க. குடும்பத்தோட.”

“வயசானவங்களா? கை, தலை எல்லாம் ஆடுமுங்களே. மெதுவா வெச்சு எடுத்தா கலங்கிப்போயிருமுங்க.”

“அவங்க ஆடமாட்டாங்க.”

“அப்படிச் சொல்லாதீங்க, மூச்சு விட்டாலே...” என்று தொடங்கிய நபீசா அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பெட்டியைக் கீழே வைத்தார். “எப்பங்க ஆச்சு?” என்று கேட்டார்.

“இன்னும் ஆகலைங்க.”

நபீசா சேலைத் தலைப்பால் ஜப்பான் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பொன்னுத்துரைக்கு அழுகை முட்டியது. கடையில் எப்படி அழுவது என்று அடக்கிக்கொண்டான். ரஷ்யப் பெட்டியை எடுத்தால் அம்மா தெரிவாள், அல்லது பின்னால் நிற்பவர்கள் தெரிவார்கள், இருவரில் ஒருவர்தான். அண்ணனுக்கு எல்லாரும் தெரியவேண்டும். ஜப்பான் பெட்டி என்றால் அம்மா அசையப் போவதில்லை. உயிரோடிருப்பவர்களை ஒரு மூச்சு நேரம் ஆடாமல் நிறுத்திவைப்பதா பெரிய காரியம்? சத்தம் போட்டால் நிற்கமாட்டார்களா? அப்படித்தான் அவன் கணக்குப் போட்டான். மற்றவர்களைப் பற்றி எல்லாம் யோசித்தவன் தன்னைப் பற்றி யோசிக்கவில்லை.

ஜப்பான் பெட்டியை எடுத்துக்கொண்டான். விலையைப் பற்றி இருவரும் அதிகம் பேசவில்லை. காமிராவை நிறுத்த ஒரு மடக்கு ஸ்டாண்டையும் நபீசா சும்மா கொடுத்தார்.

பேச்சி காமிராவை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தடவுவதுபோல் தடவிப் பார்த்தாள். “அதே மாதிரிதான் இருக்கு,” என்றாள். அதே மாதிரி இல்லை. ஆனாலும் அவன் ஆமாம் என்றான்.

“இப்பவே ஒண்ணு எடுக்கவாம்மா? சும்மா, நம்ம வீட்டுக்கு.”

“வேணாம். ஒண்ணே ஒண்ணு எடு. அவனுக்கு எடு. இத கேட்டுக்க. என்னைய அவன் பாத்திருக்கான், எம் மூஞ்சி அவனுக்கு மறந்தா போயிரும்? உம்பொஞ்சாதியப் பாத்ததில்ல, புள்ளயப் பாத்ததில்ல. நீ எப்படி இருக்க, நரைச்சுப்போனியா, இளைச்சுப்போனியா, எதுவும் தெரியாது அவனுக்கு. அதனால நீ பொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்காத. எம்பக்கத்துல வந்து நில்லு. ரெண்டு பேரையும் அவன் ஒண்ணாப் பாக்கணும்.”

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. அதன்பிறகு அவள் கோர்வையாகப் பேசியது குறைவு. மழை பிடித்துக்கொண்ட ஒரு விடியற்காலையில், சுப்பம்மா கொடுத்த வெந்நீரைப் பாதி குடித்துவிட்டு, மீதி வேண்டாம் என்று கையால் காட்டி, அப்படியே அடங்கிப்போனாள்.

இந்துமதி திருப்பூரிலிருந்து வந்து சேர மதியமாயிற்று. மழை விட்டு மஞ்சு இறங்கியிருந்தது. லயத்து முற்றத்தில் பேச்சியைக் குளிப்பாட்டி, சிவப்புக்கரைச் சேலை கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் இடுப்பில் வேட்டித்துணியால் கட்டினார்கள். பக்கத்துக் காம்பரா வீட்டுச் சகாயம் நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டான். சகாயம் வேதக்காரன், ஆனாலும் பேச்சியிடம் வளர்ந்தவன். பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். பொன்னுத்துரை ஸ்டாண்டை நட்டான். மஞ்சில் வெளிச்சம் மங்கிக் கிடந்தது. எல்லா வரிசையும் தெளிவாக விழ லென்ஸின் கண்ணை நன்றாகச் சுருக்கினான். அதற்கு ஷட்டர் நீண்டநேரம் திறந்திருக்க வேண்டும்.

“எல்லாரும் அழுகைய நிறுத்துங்க,” என்றான்.

கூட்டம் அவனை வெறித்தது.

“நிறுத்துங்கன்னு சொல்லுறேன்ல? ஆடுனா மூஞ்சி விழாது. நான் சொன்னப்புறம் அழுங்க.”

“நல்லாருக்குய்யா நாயம்!” என்றாள் ஒரு பெரியம்மா முறைக்காரி. “எழவு வீட்டுல அழாம வேற என்னத்தப் பண்ணுறது? பெத்தவ போயிட்டா, இவனுக்குப் படம் ஒண்ணுதான் கொறச்ச.”

“படம் எனக்கில்ல பெரியம்மா. அண்ணனுக்கு.”

அண்ணன் என்றதும் பெரியம்மா தானே நாற்காலிப் பக்கம் நகர்ந்து நின்றாள். அக்கரையில் ஒருவர் இல்லாத வீடு அங்கே எது? மூக்கைச் சிந்தினார்கள், முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். சின்னப் பிள்ளைகளின் தோளைப் பெரியவர்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். இந்துமதி அப்பத்தாவின் வலப்பக்கத்தில் நின்றாள்; சுப்பம்மா அவளுக்குப் பின்னால். இடப்பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தது.

பொன்னுத்துரை அம்மாவின் முகத்தில் கூர்மை வைத்தான். நம்பரை இன்னொரு தரம் சரிபார்த்தான். தானாக அமுங்கும் விசையை இழுத்துவிட்டு ஓடிப்போய் இடப்பக்கம் நின்றான். விசை கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. முற்றத்தில் வேறு சத்தமே இல்லை. கூலிக்கு மழையில் நின்றவர்கள், கப்பலில் நின்றவர்கள், முகாமில் சோற்றுக்கு நின்றவர்கள். நிற்கச் சொன்னால் அவர்களுக்கு நிற்கத் தெரியும். கற்சிலைபோல நின்றார்கள். பொன்னுத்துரை லென்ஸைப் பார்த்தான். அந்தக் கண்ணாடியில் அண்ணனும் அவனும் எத்தனை முறை மாறி மாறி ஊதித் துடைத்திருக்கிறார்கள்! அதற்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்று பார்ப்பதாக அவனுக்குத் தோன்றியது. அப்போது ஷட்டர் திறந்தது. மெல்ல மூடியது.

மூடிய சத்தம் கேட்டதும் அடைத்து வைத்த அழுகையெல்லாம் மொத்தமாக உடைத்துக்கொண்டது. இன்னொரு படம் எடுக்கலாமா என்று பெட்டிப் பக்கம் போனவன் திரும்பிப் பார்த்தான். இந்துமதி அப்பத்தாவின் மடியில் விழுந்து கதறிக்கொண்டிருந்தாள். இனி யாரையும் நிறுத்த முடியாது, நிறுத்தச் சொல்ல அவனுக்கும் வாய் வராது. ஒன்று போதும், ஒழுங்காகத்தான் நின்றோம் என்று நினைத்துக்கொண்டு ஸ்டாண்டை மடக்கினான்.

பிலிமைக் கழுவி அச்செடுக்க நபீசாதான் ஏற்பாடு செய்தார். அடுத்த வாரம் போனபோது படத்தை உடனே கொடுக்கவில்லை. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், அப்புறம்தான் உறையை நீட்டினார்.

“அம்மா நல்லா வந்திருக்காங்க,” என்றார். “எல்லாருமே நல்லா வந்திருக்காங்க.”

உண்மைதான். பேச்சியின் திருநீறும், அதன் கீழே சுருக்கங்களும், சேலைக் கரையும், கடைசி வரிசையில் நின்ற சகாயத்தின் சட்டைப் பித்தானும்கூடத் தெளிவாக இருந்தன. சுப்பம்மா தெரிந்தாள், இந்துமதி தெரிந்தாள். அம்மாவின் இடப்பக்கம் ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. சட்டைக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலக்கல். கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. தோள் இரண்டும் நாலாகத் தெரிந்தன.

“நான் ஆடலையேங்க,” என்றான் பொன்னுத்துரை. “ஆணி அடிச்ச மாதிரி நின்னேனே.”

நபீசா படத்தின்மேல் குனிந்து பார்த்தார். “அந்த இன்னொரு பாடியில எடுத்திருந்தா உங்க மூஞ்சி இப்படி இழுத்திருக்காதுங்க,” என்றார் பிறகு. “ஆனா பின்னால நின்னவங்க போயிருப்பாங்க. நான் உங்களுக்குச் சரியாத்தான் எடுத்துக் குடுத்தேனான்னு நேத்துலிருந்து யோசிச்சுட்டே இருக்கேனுங்க.”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவன் உறையைத் திறக்கவில்லை. வீட்டில் சுப்பம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். ஊருக்கே அதட்டி உத்தரவு போட்டவன் தானே ஆடிவிட்டான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. அம்மா கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டாள், அதைச் செய்யவில்லை. அண்ணன் இதைப் பார்த்து என்ன நினைப்பான்? முகத்தைக் காட்டத் துப்பில்லாமல் தலையை ஆட்டி மறைத்துக்கொண்டான் என்றுதான் நினைப்பான்.

“அனுப்பல,” என்றான்.

“அனுப்பாம? அங்க காரியம் நிக்குதுல்ல? அத்தைக்குப் பெரிய மகன் கையால ஒரு பிடி எள்ளுத்தண்ணி வேணாமா? உங்க மூஞ்சி விழலன்னு அத்தைய அந்தரத்துல நிறுத்துவீங்களா?” சுப்பம்மாவுக்குக் கோபம் வந்தால் நியாயமும் கூடவே வரும். அவளே அட்டை வெட்டி, உறையில் வைத்து ஒட்டினாள். அவன் தபாலாபீசுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

படம் கிடைத்தது, கருமாதி முடிந்தது என்று அண்ணன் மகள் பூத்துக்காரரிடம் சேதி சொல்லியிருந்தாள். கூடவே, ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பாவைப் போன் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள் என்றும் சொல்லியிருந்தாள். பொன்னுத்துரை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான். போனில் சட்டை தெரியாது என்று சுப்பம்மா சொல்லத்தான் செய்தாள்.

மணி அடித்தது. எடுத்தான்.

“நான் அய்யாவு.”

அந்தக் குரலை அவன் மறந்திருப்பதாகத்தான் நினைத்திருந்தான். மறக்கவில்லை. “உம்” என்றான்.

“அம்மாவுக்கு வலது பக்கத்துல நிக்கிற புள்ள யாரு?” விசாரணை செய்கிற குரல்.

“எம் மகதாண்ணே. இந்துமதி.”

“அம்மா சாடை. அதுக்குப் பின்னால?”

“எம் பொஞ்சாதிண்ணே. சுப்பம்மா.”

“நெத்தியில அடிபட்ட தழும்பு இருக்கே.”

“தேயிலைச் செடி கவாத்து வெட்டையில கத்தி பட்டது.”

“ம்.” காகிதம் சரசரத்தது, படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறான். வரிசை வரிசையாகக் கேட்டான். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி, முறை சொல்லி, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தான் பொன்னுத்துரை. கடைசியில் கேட்க ஆளில்லாமல் போயிற்று. காகிதம் மறுபடி சரசரத்தது.

“இடது பக்கத்துல ஒண்ணு நிக்குதே.”

“நாந்தாண்ணே.” அவனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. “எல்லாரையும் ஆடாம நிக்கச் சொன்னேன். எல்லாரும் நின்னாங்க. நாந்தான் ஆடிட்டேன். உனக்கு எம் மூஞ்சியக் காட்டணும்னு அம்மா சொல்லிச்சுண்ணே. கெடுத்துட்டேன். பொட்டி சரியில்ல, வேற எடுத்திருக்கலாம்...”

“பொட்டியில ஒண்ணும் இல்ல,” என்றான் அய்யாவு. குரலில் விசாரணை போயிருந்தது. “இத்தன பேர் நிக்கிறாங்க. ஒருத்தர் மூஞ்சியிலயும் கண்ணீரில்ல. நீ ஒருத்தன்தான் குலுங்கிக் குலுங்கி நிக்கிற. எனக்குத் தெரியாதாடா? ஜெயிச்சுக்கிட்டுப் போனவன், அவனுக்கென்ன, அம்மாவோட சொகமா இருக்கான்னுதான் இத்தன காலமும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

பொன்னுத்துரை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“தம்பி,” என்றான் அய்யாவு. “நீயும் அவங்களாட்டம் ஆடாம நின்னிருந்தீன்னா, நான் உங்கிட்டப் பேசியிருக்கவே மாட்டேன்டா.”

பூத்துக்கு வெளியே போனுக்குக் காத்திருந்தவர்கள் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. தோள் குலுங்க, வாய்விட்டு, அம்மா போன அன்று அழ வேண்டியதையும் சேர்த்து அழுதுகொண்டிருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கத்திலும் அதே சத்தம்தான் கேட்டது.